மந்திரி என்று நான் வைத்த பெயர்

“...கீய கீற மூணு வரிசை செங்கல்லு நான் வெச்சதுணா. அதான் கடப்பாறைக்கு மசிய மாட்டேங்குது” என்றார் கன்னியம்மா.

போன வாரம், எங்கள் வீட்டுப் பின்கட்டில். எனக்கு முழங்கால் மடங்குவதில்லை என்று பழைய குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம். அவர் இடிபாட்டைச் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் அதே சுவர் எழும்பியபோதும் அவர்தான் சித்தாள். உடைந்த சிமெண்டின் புழுதி வாடை மூக்கில் ஏற ஏற, என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது நான் உத்திரமேரூர்–பெருநகர் பேருந்தில் நடத்துனர். பயணிகள் பேசுவதைக் காதில் வாங்கி டிக்கெட் முதுகில் எழுதிவைக்கும் கிறுக்கு உண்டு. போதாததற்குப் பழைய பேப்பர் கடையில் அட்டையில்லாத கனத்த அகராதி ஒன்று கிடைத்தது. எந்தச் சொல் எந்தச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட அக்காள் தங்கை என்று சொல்லும் புத்தகம். ஐரோப்பா திசையில் நான் போனதெல்லாம் தாம்பரம் வரைக்கும்தான். ஆனால் அதைப் படித்த பிறகு என் பேச்சைக் கேட்டால் லிஸ்பனில் பிறந்தவன் என்பீர்கள்.

நம் மேஸ்திரி போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன ‘மெஸ்த்ரே’யாம். இத்தாலிக்காரரின் மாயெஸ்த்ரோ, ஜெர்மானியரின் மைஸ்டர், ஆங்கிலத்து மாஸ்டர் எல்லாரும் லத்தீன் ‘மகிஸ்தெர்’ வயிற்றுப் பிள்ளைகள். மகிஸ்தெர் ‘அதிகம்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தவர், அதாவது பெரியவர். அவருக்கு எதிராக ‘மினிஸ்தெர்’ என்று ஒருவர். ‘குறைவு’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தவர், ஏவல் ஆள். அந்த ஏவல் ஆள் ராஜாவுக்கு வேலைசெய்து செய்து மினிஸ்டர் ஆகிவிட்டார். கட்டட வேலையில் நாம் பெரியாள், சித்தாள் என்பதும் இதே அளவுகோல்தானே? இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும் போலிருந்தது.

எங்கள் பக்கம் ஆண்பிள்ளை சித்தாளாக வந்தால் நாலைந்து வருஷத்தில் கொத்துக்கரண்டி பிடித்துச் சுவர் வைக்கும் பெரியாள் ஆகிவிடுவான். பெண்கள் சித்தாளாக வந்து சித்தாளாகவே ஓய்ந்துபோவார்கள். கன்னியம்மா மட்டும் கரண்டி கொடுக்கச் சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குளியலறைச் சுவர் எழும்பிய அன்று ஒரு பெரியாள் வரவில்லை. மேஸ்திரி கரண்டியை அவரிடம் நீட்டினார்.

“மூணு வரிசை வை, பாக்கலாம். நேரா வந்துதுன்னா நாளைலேர்ந்து நீயும் கரண்டி புடி.”

நான் டீ வாங்கிக்கொண்டு போனபோது மூன்றாவது வரிசை முடிந்திருந்தது. மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சுவர் நேர்தானா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். “ம்” என்றார். கன்னியம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வார்த்தைக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இடைவெளியில் நான் புகுந்தேன். போர்ச்சுக்கலில் ஆரம்பித்து ரோம் வரை ஒரு நடை போய்வந்து, “ஆக, நம்ம கன்னியம்மாதான் மந்திரி” என்று முடித்தேன்.

“அப்போ மந்திரிக்கு இன்னாத்துக்குக் கரண்டி? காரு கொண்டாங்கடா” என்றான் பெரியாள் ஒருவன்.

“மந்திரி வெச்ச செவுரு. நாளிக்கே வுயும்” என்றான் இன்னொருவன்.

“மேஸ்திரி, உன் வேலைய மந்திரி புடுங்கிக்கினு பூடப்போறாங்க” என்றான் மூன்றாமவன்.

மேஸ்திரியும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. கன்னியம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். “போம்மா, போய்க் கலவயப் பாரு.”

எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன் நான். என் பேச்சு எடுபட்டுவிட்ட பெருமை. மறுநாள் என் பேருந்திலும், “மந்திரி அம்மா ஏறிட்டாங்க, எடம் குடுங்கப்பா” என்றேன். அது பெருநகர் வரை பரவியது. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட அப்படியே கூப்பிட்டார்கள். கரண்டி கேட்கப் போன இடத்திலெல்லாம் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய் நின்று சிரிப்பு மூட்டியதாம். அப்புறம் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. மரியாதையான சொல்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன வாரம் மத்தியானத்துக்குள் அந்த மூன்று வரிசையும் பெயர்ந்து, சுவர் இருந்த இடத்தில் பக்கத்து வயல் தெரிந்தது.

“கன்னியம்மா, அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா...” என்றேன். “ரோம்ல எல்லாம் மந்திரிங்கிற வார்த்தைக்கு...” மறுபடியும் அகராதிதான் வாயில் வந்தது.

அவர் துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு கூட்டினார். “தூக்கி வுடுணா” என்று செங்கல் நிறைந்த சட்டியைக் காட்டிவிட்டு, என் முன்னால் தலையைக் குனிந்தார்.