மூக்குக்கு ஒரு டீ

காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் ஓட்டுநர் தான் குடியிருக்கும் கேரவன் வண்டியின் கதவைத் திறந்து, படியில் நின்று, யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். யார் வந்தாலும் சரி, ஒரு நிமிடம் மேலே ஏறி மோந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்வார். ஏறியவர் குனிந்து, அடுப்புக்குக் கீழே உள்ள அலமாரிப் பக்கம் மூக்கை நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்து, கேஸ் வாடை இல்லை என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் லைட்டரைக் கையில் எடுப்பார். சொன்னவருக்கு ஒரு டீ உண்டு.

அவருக்கு வாசனை தெரியாது. ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் மூக்கின் உணர்வு போய்விட்டது. காய்ச்சல் இறங்கிய பிறகும் திரும்பவில்லை. தொலைதூரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு மேட்டில் கிளட்ச் கருகிப் பேருந்து முழுவதும் நாறியிருக்கிறது. பயணிகள் கத்தி, நடத்துநர் ஓடி வந்து தோளைத் தட்டும் வரை இவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். மூக்கு இல்லாத ஆளிடம் எப்படி வண்டியைக் கொடுத்தார்கள் என்று அன்று ஒரு பயணி கேட்டதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். 

எங்கள் நிறுத்துமிடம் ஊருக்கு வெளியே, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் தங்கள் கேரவனை நிறுத்தி இரண்டொரு நாள் தங்கிப் போவார்கள். அது முன்பக்கம். பின்பக்கம், வேலியை ஒட்டிய வரிசையில், இனி எங்கும் போகாத வண்டிகள் நின்றன. சக்கரங்களுக்குக் கீழே செங்கல், ஜன்னல்களுக்குத் துணித்திரை, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. யாருக்குத் தண்ணீர்க் குழாய், யாருக்கு மின் இணைப்பு, யாருக்கு எப்போது சிலிண்டர் வந்தது என்று எழுதி வைப்பது அலுவலகத்தில் என் வேலை. ஓட்டுநரின் வண்டி பின்வரிசையில் கடைசியிலிருந்து இரண்டாவது. கடைசி வண்டி தையல்காரம்மாவுடையது.

ஓட்டுநர் அங்கே தனியாக வந்தார். ஓய்வு பெற்றதும் அவரும் மனைவியும் சேர்ந்து அந்தப் பழைய கேரவனை வாங்கி, சில வருடங்கள் கடற்கரை கடற்கரையாகச் சுற்றினார்கள். கேஸ் விஷயம் முழுக்க மனைவியின் பொறுப்பு. வண்டி கிளம்புவதற்கு முன் வெளிப்பெட்டியைத் திறந்து சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். அதைக் கேட்டால்தான் இவர் சாவியைத் திருப்புவார். நின்ற இடத்தில் முதலில் உள்ளே ஏறி மோந்து பார்ப்பதும் அவர்தான். சிறுநீரகம் கெட்டு அவர் மருத்துவமனையில் இறந்த பிறகு, வண்டியை இவர் ஓட்டியது ஒரே ஒரு முறை. மருத்துவமனை வாசலிலிருந்து எங்கள் நிறுத்துமிடம் வரை. அன்று வால்வை மூடினாரா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து, இறங்கிப் பார்த்திருக்கிறார். மூடித்தான் இருந்திருக்கிறது.

அவர் வந்த புதிதில் இந்த மோந்து பார்க்கும் ஏற்பாட்டை எல்லோரும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். பிறகு அது பழகிவிட்டது. அதிகம் போனவர் தையல்காரம்மாதான். அவர் கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. காலையில் ஒரு சட்டையையோ ரவிக்கையையோ கையில் வைத்துக்கொண்டு, பட்டன் தைத்தபடியே ஏறுவார்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு பக்க மூக்குதான் வேலை செய்யுது. பாதி டீ போதும்" என்பார்.

"பாதி மூக்குக்கு டீ கிடையாது தங்கச்சி. டிகாஷன் மட்டும்தான்" என்பார் இவர்.

ஓட்டுநருக்கு ஒரே மகள். தொலைவில் ஒரு பெரிய நகரத்தில் இருந்தார். கணவர், வேலை, குழந்தைகள், மாமியார் எல்லாம் இரண்டு அறைகளுக்குள். சில மாதங்களுக்கு ஒரு முறை வருவார். ஒரு தடவை அவர் வந்திருந்தபோது, அப்பா படியில் நின்று யாரோ ஒரு சுற்றுலாக்காரரை மோந்து பார்க்கக் கூப்பிடுவதைக் கண்டு பயந்துவிட்டார். அன்றே கேஸ் மெக்கானிக்கை வரவழைத்து ஒரு அலாரம் பொருத்தச் சொன்னார்.

மெக்கானிக் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொண்டுவந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் திருகி வைத்தார். இவ்வளவு கீழேயா என்று மகள் கேட்டார்.

"இந்த கேஸ் காத்தைவிட கனம்மா. மேல போகாது, தண்ணி மாதிரி தரையில தேங்கும். புகை அலாரம்தான் கூரையில. இது கீழதான்" என்றார் மெக்கானிக். பிறகு ஓட்டுநரைப் பார்த்து, அலாரம் கத்தினால் செய்ய வேண்டியதை மெதுவாகச் சொன்னார். எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. நெருப்புப் பற்றவைக்கக் கூடாது. கதவைத் திறந்தபடி விட்டு வெளியே வர வேண்டும். வெளிப்பெட்டியில் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். அவர் வந்து பார்த்துச் சொல்லும் வரை உள்ளே போகக் கூடாது. ஓட்டுநர் பேருந்து விதிகளைக் கேட்பது போல நேராக நின்று கேட்டுக்கொண்டார்.

அலாரத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மகள் நிம்மதியாக ஊருக்குப் போனார்.

அடுத்த நாள் காலையில் ஓட்டுநர் வழக்கம்போலப் படியில் நின்றார். தையல்காரம்மா கையை ஆட்டி, அதான் மெஷின் வந்துவிட்டதே என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. ஒரு வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். குப்பை எடுக்கிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே போனார். அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் ஓட்டுநரின் படியில் யாரும் ஏறவில்லை. நான் அலுவலக ஜன்னலிலிருந்து பார்க்கும்போது அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சாலையில் போகும் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த வண்டி எந்தத் தடம், எவ்வளவு தாமதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அந்த மெஷின் சும்மா சும்மா கத்துகிறது, ரிப்பேராகியிருக்கும் போல என்றார். சரி, மெக்கானிக்கிடம் சொல்கிறேன் என்றேன். அவசரமில்லை என்று உடனே சொன்னார்.

அது கத்தவே இல்லை. அவர் அதன் ஃபியூஸைக் கழற்றிவிட்டிருந்தார்.

ஃபியூஸ் பெட்டி அடுப்புக்குக் கீழே உள்ள அலமாரியின் பின்சுவரில் இருந்தது. முழங்கால் வலிக்காரர், மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டுத்தான் எட்ட முடியும். எழும்போது பிடித்துக்கொள்ள அங்கே இருந்தது ஒன்றே ஒன்று, அடுப்புக்குப் போகும் செம்புக் குழாய். மகள் வருகிறேன் என்று போன் செய்தால், பச்சை விளக்கு எரிய வேண்டுமே என்று ஃபியூஸை மாட்டுவார். மகள் போனதும் கழற்றுவார். ஒவ்வொரு தடவையும் மண்டியிட்டு, ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாயைப் பிடித்து எழுந்திருக்கிறார்.

அலாரம் ரிப்பேர் என்று தெரிந்ததும் தையல்காரம்மா மறுபடி வர ஆரம்பித்தார். மறுபடி பேச்சும் சிரிப்பும் கேட்டன. மழை தொடங்கிய பிறகு முன்பக்கத்தில் சுற்றுலா வண்டிகள் வருவது நின்றது. நிறுத்துமிடமே வெறிச்சென்று கிடந்தது. நாள் முழுக்கக் கேட்கிற ஒரே மனிதக் குரல் காலையில் அந்த வண்டியிலிருந்து வருவதாகத்தான் இருந்தது.

அன்று மழை என்று சொல்ல முடியாது, தூறல்தான். ஆனால் காற்று பலமாக அடித்ததால் ஓட்டுநர் ஜன்னல்களையும் கூரைத் திறப்பையும் அடைத்திருந்தார். முந்தின நாள் இரவே மின்சாரம் போய்விட்டது. லைன் சரிசெய்ய மதியமாகும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓட்டுநரின் வண்டிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தையல்காரம்மாவின் குரல் கேட்டது. அவர் அப்போதுதான் ஏறியிருக்கிறார்.

"ஒண்ணுமில்லண்ணே, பத்த வைங்க" என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கதவைத் திறந்தேன். படியில் கால் வைத்ததுமே அழுகிய முட்டைக்கோஸ் போன்ற கேஸ் வாடை முகத்தில் அடித்தது. ஓட்டுநர் ஒரு கையில் லைட்டரோடு அடுப்பின் குமிழுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பத்த வைக்காதீங்க. எதையும் தொடாதீங்க. ரெண்டு பேரும் அப்படியே வெளிய வாங்க" என்றேன். அது என் குரல் போலவே இல்லை.

ஓட்டுநர் என்னைப் பார்க்கவில்லை, தையல்காரம்மாவைப் பார்த்தார். "தங்கச்சி இல்லைன்னு சொல்லிச்சே" என்றார்.

தையல்காரம்மா எழுந்து, தைத்துக்கொண்டிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு முதலில் இறங்கினார். ஓட்டுநர் பின்னால் வந்தார், லைட்டர் இன்னும் கையில் இருந்தது. நான் கதவைத் திறந்தபடி விட்டு, வண்டியைச் சுற்றிப் போய் வெளிப்பெட்டியைத் திறந்து வால்வை மூடினேன். பிறகு மூவரும் அலுவலகத் தாழ்வாரத்தில் போய் நின்றோம். தூறல் சாரலாக உள்ளே அடித்தது. 

"எனக்கு வாசமே தெரியலண்ணே" என்றார் தையல்காரம்மா. "ரொம்ப நாளா அடைச்சுக் கிடக்கு. மருந்து போட்டும் விடல."

"அப்போ தினமும் வந்து பாத்தது?" என்றார் ஓட்டுநர்.

"வந்தேன். அவ்வளவுதான்."



மெக்கானிக் மதியம் வந்தார். வாடை முழுக்கப் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தார். அடுப்புக்குப் பின்னால் செம்புக் குழாயின் இணைப்பு தளர்ந்திருந்தது. கனமான வாயு வெளியேறுவதற்கென்றே தரையில் இருந்த துளையை எலி வருகிறது என்று ஓட்டுநர் துணி வைத்து அடைத்திருந்தார். மின்சாரம் இல்லாததால் ஃபிரிட்ஜ் ஓடவில்லை. அது தானாக ஒரு தடவை ஓடத் தொடங்கியிருந்தால் அதன் பொறியே போதும், வண்டி வெடித்திருக்கும் என்றார் மெக்கானிக். பிறகு காலியான ஃபியூஸ் இடத்தைக் கண்டார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒருத்தர் அலாரத்தைத் தூங்க வச்சிட்டாரு. இன்னொருத்தர் மூக்கை லீவுல அனுப்பிட்டாங்க. நல்ல கூட்டணி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாளே மகள் வந்துவிட்டார். இணைப்பை மாற்றி, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, ஃபியூஸைக் கதவுக்கு அருகில் ஒரு மூடியிட்ட பெட்டிக்கு மாற்றி, மூடியைத் திருகிவிட்டுப் போனார் மெக்கானிக்.  அவர் போனதும்தான் மகள் கேட்டார். அலுவலகத்தில் வைக்க வண்டியின் மாற்றுச் சாவியை வாங்க வந்திருந்த நான் படிக்குக் கீழே நின்றிருந்தேன்.

"ஏம்ப்பா கழட்டினீங்க? சத்தம் போட்டுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மகள் நம்பியிருப்பார். ஓட்டுநர் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தார்.

"அது இருந்தா யாரும் வர மாட்டேங்குறாங்கம்மா."

மகள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டார். எங்கே படுப்பது என்று கேட்டார் இவர். கேலியாகக் கேட்கவில்லை. மகள் வீட்டில் எத்தனை பேர், எத்தனை கட்டில் என்று இருவருக்கும் தெரியும்.  மாலைப் பேருந்தில் மகள் போனபோது ஓட்டுநர் சாலை வரை கூடப் போய், பேருந்து மறையும் வரை நின்றுவிட்டு வந்தார்.

அதன் பிறகு தையல்காரம்மா வரவில்லை. அவர் கோபமாக இல்லை. தண்ணீர் பிடிக்கப் போகும்போது வேலிப்பக்கம் சுற்றிப் போனார். ஒரு மனிதர் கையில் லைட்டரோடு தன் பேச்சை நம்பி நின்றதை அவரால் மறக்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னார். ஓட்டுநரும் அந்தப் பக்கம் போகவில்லை. தன் பொய்யால் ஒரு பெண் அந்த வண்டிக்குள் வந்து உட்கார்ந்தாளே என்பது இவருடைய கணக்கு. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஒரு துணிக்கொடி அகலம்தான். மழைக்காலம் அப்படியே போனது.

ஒரு காலை நான் தையல்காரம்மாவிடம் ஒரு சட்டை வாங்கப் போயிருந்தேன். ஓட்டுநர் வந்து வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்தினார்.  கூப்பிட ஒரு காரணம் எப்போதும் ஓட்டுநரிடம் இருந்தது. அது இப்போது கையில் இல்லை.  என்னைப் பார்த்தார். பிறகு தையல்காரம்மாவைப் பார்த்தார்.

"டீ போடப் போறேன்" என்றார். "வர முடியுமான்னு கேக்க வந்தேன். வேற ஒண்ணுமில்ல."

 தையல்காரம்மா ஊசிக்குக் கீழே இருந்த துணியை இழுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இந்தக் காலர முடிச்சிட்டு வரேண்ணே" என்றார்.

வந்தார். நான் என் சட்டையை எடுத்துக்கொண்டு போகும் வழியில் கதவு திறந்திருந்ததைப் பார்த்தேன். பேச்சு எதுவும் கேட்கவில்லை. மோந்து பார்க்கிற வேலை இல்லாமல் எங்கிருந்து தொடங்குவதென்று இருவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. தையல்காரம்மா ஒரு பக்கத்து பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தார். இவர் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். டீயைக் குடித்துவிட்டு அவர் சீக்கிரமே இறங்கிப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தார்.