பாதிரியாரின் கை

இன்று காலை டோர்செட் பார்க்கில், எங்கள் கட்டிடத்து லிஃப்ற்றில், முன்னால் நின்ற கிழவரின் கோட்டிலிருந்து பூச்சி உருண்டை மணத்தது. நான் இறங்கவேண்டிய மாடியைத் தாண்டிப் போய்விட்டேன்.

அது பார்க்டேலில், இப்போது கொண்டோ அடுக்குமாடி நிற்கிற இடத்தில் இருந்த தேவாலயத்தின் மணம். கத்தோலிக்கர் நிறைந்த போலந்திலிருந்து வந்த சின்னப் புரட்டஸ்தாந்துக் கூட்டத்தின் கோயில் அது. ஞாயிறு ஆராதனை முடிய, ஈரக் கம்பளியும் பூச்சி உருண்டையும் மணக்கிற வாசலில் பாதிரியார் நின்று, வருகிற ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துக்கொள்வார்; போலிஷில் ஒரு வசனம் சொல்லி விடைபெற்றால்தான் விடுவார். நெளிந்து, சிரித்து, எதையோ சொல்லிவிட்டு ஓடிய அந்தப் பிள்ளைகள், போகப்போக, என் அம்மா துப்புரவு வேலை செய்த நிலக்கீழ் மண்டபத்தின் பின்கதவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"எல்லாம் கீழாலை ஓடுதுகள். மனுசன் மேலை கையை நீட்டிக்கொண்டு நிக்குது, பாவம்," என்று அம்மா மொப்பைப் பிழிந்தபடி சொல்லுவா.

ஒரு ஞாயிறு நான் மேலே போனேன். வாசலில் அவர் மட்டும்தான். கையைக் கொடுத்து, படிக்கட்டிலிருந்து கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்த அந்த வசனத்தைப் பிசகில்லாமல் சொன்னேன்.

"நல்லாச் சொன்னாய்," என்றார் ஆங்கிலத்தில்.

சொன்னால் விடவேண்டும், அதுதான் அவருடைய சட்டம். பின்பக்கத்துப் பனியில் அவருடைய கோயில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கத்தி விளையாடுகிற சத்தம் கேட்டது. கீழே அம்மா என்னைக் கூப்பிட்டா. அவர் கையை விடவில்லை.