சிங்கப்பூர் விழுந்த தேதி

1954ஆம் வருஷம், மார்ச் மாதம். சரித்திரப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. என் மகளோடு பக்கத்து வீட்டுப் பெண்ணும் சாயங்காலங்களில் என்னிடம் பாடம் கேட்க வருவாள். மைசூரில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனங்கள் இருந்தோம். அந்த ஆறு வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

அந்தப் பெண்ணின் அப்பா ராணுவ ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்ந்து கப்பலேறியபோது அவள் கைக்குழந்தை. சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு எதுவும் இல்லை. யுத்தம் முடிந்து மறுவருஷம், காணவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. எங்கள் வைணவக் குடும்பங்களில், போனவரைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்துவிடுவார்கள். அந்த நாள் வரைக்கும் மனைவி சுமங்கலி. அந்தப் பெண்ணின் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுபவள், நெற்றியில் குங்குமமும் தலையில் மல்லிகையுமாகத்தான் இருந்தாள். குடும்பத்துக்கு மூத்தவர் அந்தப் பெண்ணின் பெரியப்பா. அவர் காகிதம் வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டிருந்தார். அப்படிப் பார்த்தால் 1958 வரை தவணை இருந்தது. இது முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் காகிதத்திலிருந்து என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை.

புத்தகத்தின் கடைசிப் பாடம் அந்த யுத்தம். தாண்டிப் போய்விடலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். என் கணவரிடம் கேட்டேன். "பரீட்சையில வந்தா யாரு போய் எழுதுவா, நீயா?" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். பாடத்தை விட்டுவிடுவது கடமை தவறுவது என்று எனக்குப் பட்டது. நான் படித்த காலத்தில் ஆங்கிலேயர் ஜெயித்த யுத்தங்களை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். சுதந்திரம் வந்த பிறகாவது குழந்தைகள் உள்ளதைத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு வீம்பும் இருந்தது.

சமையலறைத் தரையில் சாக்குக்கட்டியால் மலேயாவை வரைந்து, அதன் நுனியில் சிங்கப்பூருக்கு ஒரு புள்ளி வைத்தேன். ஆங்கிலேயர், ஜப்பானியர் என்று இரண்டு சாம்ராஜ்யங்கள் தங்களுக்குச் சொந்தமில்லாத மண்ணுக்காக அடித்துக்கொண்டன, செத்தவர்களில் நம்மைப் போன்றவர்கள் ஏராளம் என்றேன். சொல்லும்போதே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் படத்தை நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். தேதிகள் அவளுக்கு நிற்காது. அதனால் பத்துத் தடவை சொல்ல வைத்தேன்: 1942 பிப்ரவரி பதினைந்து.

இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டில் அவள் தாத்தாவின் சிராத்தம். நடந்ததை அக்காதான் பிற்பாடு சொன்னாள். சாப்பாடு முடிந்து, சிராத்தம் செய்துவைத்த வாத்தியார் ஸ்வாமி கூடத்தில் உட்கார்ந்து, என்னம்மா படிக்கிறாய் என்று அந்தப் பெண்ணைப் பிரியமாகத்தான் கேட்டாராம். அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்திருக்கிறாள்.

"1942 பிப்ரவரி பதினஞ்சாந்தேதி சிங்கப்பூர் விழுந்தது. எங்கப்பா அங்கதான் இருந்தார்."

"ஜாணேம்மா நீ, கெட்டிக்காரி," என்று தட்டிக்கொடுத்த வாத்தியார் விரலை மடக்க ஆரம்பித்தார். "அதுக்கப்புறம் கடிதாசி ஏதாவது வந்துதோ?"

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் அவளே இல்லை என்று சொல்லிவிட்டாள்.

வாத்தியார் பொல்லாதவர் இல்லை. கடைசித் தகவலிலிருந்துதான் எண்ண வேண்டும், சர்க்கார் காகிதத்திலிருந்து இல்லை, பன்னிரண்டு போன மாதமே முடிந்துவிட்டது, கர்மாவை நிறுத்திவைப்பது குலத்துக்கு ஆகாது என்றார். பெரியப்பா காகிதத்தைக் கொண்டுவந்து காட்டிப் பார்த்தாராம். பிறகு அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாராம். தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் அவர். சிங்கப்பூர் விழுந்த தேதி எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் தம்பி மனைவிக்கு நாலு வருஷம் கூட்டி வைத்திருந்தார். இது எனக்கு உறைத்தபோது எல்லாம் பேசி முடிந்துவிட்டது.

பரீட்சை முடிந்ததும் நாள் பார்த்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவேரிக் கரையில் தர்ப்பை உருவத்துக்குத் தீ வைத்தார்கள். பத்தாம் நாள் சுமங்கலிகள் அக்கா கண்ணில் படக்கூடாது என்று முற்றத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அதிலெல்லாம் முழு நம்பிக்கை இருந்ததில்லை. ஆனாலும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். எனக்குக் கணவர் இருந்தார், குழந்தை இருந்தது. பயந்தேன். வளையல் உடைகிற சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து அக்கா குழாயடிக்கு வந்தாள். வெறும் நெற்றியை நேராகப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. குடம் நிரம்பும்வரை நின்றுவிட்டு, "நான் சொல்லிக் குடுத்ததாலதானே, அக்கா," என்றேன்.

"தேதி சரிதானே?"

"சரிதான்."

"கொஞ்சம் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கப்படாதாடி. ஒரு மார்க்குதானே போயிருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. குடத்தைத் தூக்கிவிடக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தானே இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

என் மகள் கொண்டுவந்த கேள்வித்தாளில் சிங்கப்பூர் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.