வால்டர் சாரின் ஏழு நாள் கெடு

மைசூர் மண்டி மொஹல்லாவில், வெங்காயக் கிடங்குக்குப் பின்னால் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் புகார் வாங்கும் குமாஸ்தாவாகப் பதினொரு வருஷம் இருந்தவர் வால்டர். அந்தப் பதினொரு வருஷத்தில் ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. இப்படி ஒரு சாதனை சும்மா வந்துவிடாது, ஒழுங்கு வேண்டும்.

ஒழுங்கு இதுதான்: சம்பவம் நடந்த ஏழு நாளுக்குள் புகார் வந்து சேர வேண்டும். சனிக்கிழமை மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் வால்டர் வாங்குவார். பிள்ளையை விட்டுப்போகும் தாய்மாரோ ஊதுபத்திக் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் ஐந்து மணிவரை நிற்பவர்கள். அரைநாள் லீவு கேட்டு வாங்கி அவர்கள் வந்து சேர்வதற்குள் எட்டாம் நாள் ஆகிவிடும். வால்டர் உண்மையான வருத்தத்தோடு, ‘காலம் கடந்தது’ என்ற முத்திரையை வயலட் மையில் தோய்த்துக் குத்துவார். பக்கத்திலேயே ‘பதிவு செய்யப்பட்டது’ என்றொரு முத்திரையும் உண்டு. அதன் ரப்பர் மையையே பார்த்ததில்லை.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. மனைவி மெட்டில்டாவின் காப்பியில் சர்க்கரை குறைந்தால், டம்ளர் காலியாவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தனக்கே கெடு வைத்திருந்தார். தவறவிட்ட நாளில் வாயைத் திறந்ததில்லை.

1994-இல் ஒரு சனிக்கிழமை, கை நிறைய சிமெண்டுத் தூசியோடு பூவாத்தாள் வந்து நின்றாள். கொள்ளேகால்காரி, சித்தாள் வேலை. மகள் ஜீவிதாவுக்கு இரண்டரை வயது.

“பிள்ளையக் கால்ல கட்டிப் போடறாங்க சார். கணுக்கால்ல தடம் இருக்குதுங்க. கொசு கடிச்சதுன்னே நெனச்சுட்டு இருந்தேன்.”

“எப்போலேர்ந்து?”

“நடக்கப் பழகினதுலேர்ந்துங்க.”

வால்டர் விரல் விட்டு எண்ணினார். “ஒன்றரை வருஷம். கெடு ஏழு நாள். ஆகாதும்மா.”

“அவ வாய் தொறந்து சொன்னதே நேத்துத்தானே சார்!”

“பிள்ளை லேட்டாப் பேசினா அதுக்கு காப்பகம் என்னம்மா பண்ணும்?” முத்திரை மேலே எழுந்தது.

“சரிங்க, அதெல்லாம் போகட்டும். இன்னைக்குக் கட்டியிருந்தா? அது இன்னைக்கு நடந்ததுதானுங்களே?”

முத்திரை அந்தரத்தில் நின்றது. பதினொரு வருஷத்தில் இப்படி ஒரு சட்டப் பிரச்சினை எழுந்ததில்லை. “பார்த்தியா?” என்றார்.

“நீங்களே பாருங்க. பிள்ளைங்க ரூமுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு கதவுதானே?”

அந்தக் கதவைப் புகார் குமாஸ்தா திறந்ததில்லை; திறந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம் என்ற நியாய உணர்ச்சி. இப்போது திறந்தார். பீரோவின் காலில் ஒரு பழைய சேலைக் கிழிசல், அதன் மறு நுனியில் ஜீவிதா. கட்டு எட்டும் தூரம்வரை வந்து, “அம்மா!” என்றாள்.

பூவாத்தாளை முந்திக்கொண்டு ஆயா நாச்சம்மாள் பேசினாள். “முப்பத்திரண்டு பிள்ளை, நான் ஒருத்தி. இவளுக்குக் கால் ஒரு எடத்துல நிக்காது. கேட்டத் தாண்டினா லாரி. இன்னொரு ஆள் வேணும்னு எழுதிக் கொடுத்தேனே, வால்டரண்ணா, நீங்கதானே ‘காலம் கடந்தது’ன்னு குத்தினீங்க?”

“அதுக்காக மாட்டுக் கன்னு மாதிரி கட்டுவியா?” என்றாள் பூவாத்தாள்.

வால்டர் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், நகம் உடைந்தது. பூவாத்தாள் குனிந்து பல்லால் அவிழ்த்தாள்.

பிறகு புகாரை அவரே எழுதினார். சம்பவம் 3:40, புகார் 3:50. சாட்சி: வால்டர். கீழே ஆயாவின் பழைய மனுவையும், சேலைக் கிழிசலையும் ஊசியால் குத்தி இணைத்தார். பதிவு முத்திரையை எடுத்தால் ரப்பர் காய்ந்து ஒரு எழுத்தும் விழவில்லை. கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது ஆயா வர ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை நடுக் கதவு திறந்தே கிடந்தது. வால்டரின் நாற்காலி கேட்டை மறித்துக் கிடந்தது. பிள்ளைகள் அவர் மேஜையைச் சுற்றி ஓடின.

ஒரு சாயங்காலம் மகளைத் தூக்கிய பூவாத்தாள் முகத்தைச் சுளித்தாள். ஜீவிதாவின் வயிற்றில் வயலட் மையில் மூன்று இடத்தில் ‘காலம் கடந்தது’.

“என்ன சார் இது? இதுக்குப் புகார் கொடுக்கலாமுங்களா?”

வால்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “தாராளமா. இன்னும் ஏழு நாள் இருக்கும்மா.”