கடக்காதவர்களின் கணக்கு

என் நாத்தனார்தான் எங்க வார்டு கவுன்சிலர். அதுக்கு முன்னாடி மருந்துக்கடையில மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கிட்டிருந்தா. அங்க ஒட்டிக்கிட்ட எண்ணுற புத்தி இன்னும் விடலை. வீட்டுல சண்டை வந்தாகூட, "சும்மா சொல்லாதீங்க, எண்ணிப் பார்த்தீங்களா?"ன்னு கேப்பா. கட்டினவர் பாவம்.

ஜெயிச்ச கையோட, முதல்ல செய்யப்போற வேலைன்னு ஒண்ணை அறிவிச்சா. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல இருக்கிற பெரிய ரோட்டுல சிக்னல். அது வர்ற வரைக்கும் அங்க நடக்கிற விபத்தையெல்லாம் ஆஸ்பத்திரியிலயும் போலீஸ்லயும் விசாரிச்சு மாசாமாசம் கவுன்சில்ல வாசிப்பா. எண்ணிக்கை குறைஞ்சா முன்னேற்றம்னு விதி போட்டதும் அவளேதான்.

குறைஞ்சுது. குறைஞ்சு குறைஞ்சு ஒண்ணுமே இல்லைன்னு ஆச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, இவளுக்கும் பல்லெல்லாம் சிரிப்பு. அடுத்த கூட்டத்துல, "விபத்தே இல்லாத ரோட்டுக்கு சிக்னல் எதுக்கு?"ன்னு அதுக்கு ஒதுக்கின பணத்தை வேற வார்டுக்குத் தள்ளப் பார்த்தாங்க.

விபத்து எப்படி நடக்கும்? ஒரு டீச்சருக்குக் கால் போனதுலேருந்து அந்த ரோட்டை யாரும் கடக்கிறதே இல்லையே! என் பொண்ணு நடைமேம்பாலம் வரைக்கும் சுத்திப் போய், வேர்த்து விறுவிறுத்து நின்னு, தினமும் லேட்டுன்னு திட்டு வாங்குறா. பக்கத்து வீட்டுக்காரி தன் மகளைப் படிப்பை விட்டே நிறுத்திட்டா. ஸ்கூட்டர்ல பறக்கிற கவுன்சிலருக்கு இதெல்லாம் எங்க கண்ணுல படும்? நான் போட்டு உடைச்சப்ப அவ முகம் வெளுத்துப்போச்சு. "என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன் அண்ணி"ன்னா.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினா. ஒரு நாள் காலையில இன்ஜினியர் வந்து, எத்தனை பேர் ரோட்டைக் கடக்கிறாங்கன்னு எண்ணுவார். ஆள் தேறலைன்னா சிக்னல் கதை அதோட முடிஞ்சுது.

அன்னைக்கு ரோட்டோரம் இன்ஜினியர் அட்டையும் பேனாவுமா நின்னார். லாரி, பஸ், மறுபடி லாரி. ஒரு ஈ காக்கா கடக்கலை. இப்படி ஆகும்னுதான் 'சவுண்டு'கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். மைக்செட் வாடகைக்கு விடுறவர், தேர்தல்ல இவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினவர். தெருப் பொம்பளைங்களைத் திரட்டிக்கிட்டு வந்துட்டார். "இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்க! நாலு நடை போனா கணக்கு எகிறிடும்!"

நாத்தனார் குறுக்கே வந்து நின்னா. "யாரும் இறங்கக் கூடாது. ஒரு தப்புக் கணக்கால நான் பட்டது போதும்." இன்ஜினியர் பக்கம் திரும்பி, "சார், வந்து பார்த்துட்டு பயந்து திரும்பிப் போறாங்களே, அவங்களை எழுதுங்க"ன்னா.

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே மேடம்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவ நேர்மையை வெச்சு நாக்கு வழிக்கவா? "நீ நின்னு எண்ணு தாயே!"ன்னு கத்திட்டு ரோட்டுல இறங்கிட்டேன்.

ரெண்டடி வெச்சிருப்பேன். ஹாரன் காதைப் பிளந்துச்சு. கையை யாரோ வெடுக்குன்னு இழுத்தாங்க. லாரி போன காத்து முகத்துல அறைஞ்சுது. கண்ணைத் திறந்தா, ரோட்டோரத்துல கிடக்கேன். நாத்தனார் என் கையை விடாம பக்கத்துல உட்கார்ந்திருக்கா. அவ முழங்கை உரிஞ்சு ரத்தம்.

"நீங்க செத்திருந்தா அதை ஒண்ணுன்னு எழுதிக்கிட்டு எனக்கு சிக்னல் கொடுத்திருப்பாங்க அண்ணி"ன்னு சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதா.

இன்ஜினியர் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்துல கோடு போட்டு, முதல் ஆளா என்னை எழுதினார். ஒரு அம்மா மகளைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தா, ரோட்டைப் பார்த்தா, மேம்பாலத்துப் பக்கம் திரும்பினா. அவங்க ரெண்டு பேரையும் எழுதினார். பள்ளிக்கூட மணி அடிக்கிறதுக்குள்ள பின்பக்கம் பூரா நிறைஞ்சுபோய், வேற காகிதம் இருக்கான்னு என்னைக் கேட்டார்.