சாரல் ஊரில் முட்டைக்குத் தண்ணீர்

போன மாதம் ஒரு காலை. எங்கள் வீட்டுப் பின்வாசலில் நானும் அடுத்த வீட்டு ஜொஹரா அக்காவும் குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம். நாள் தாண்டியும் பொரிக்காத முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூமுட்டையாக இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். இல்லையே! ஒவ்வொன்றிலும் முழுக் குஞ்சு. அலகு, நகம், இறகு எல்லாம் இருந்தது. உயிர்தான் இல்லை. தொப்பலாக நனைந்து, ஓட்டோடு ஒட்டிக்கொண்டு...

"எல்லாம் சரியாத்தான இருக்கு? பொறவு ஏன்ட்டி வெளிய வரல?" என்றாள் அக்கா.

முட்டை பொரிக்கிற இன்குபேட்டர் பெட்டி என்னுடையது. முட்டை அவளுடையது.

ஜொஹரா அக்கா வளர்ப்பது சிறுவிடைக் கோழி. எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற வீடு என்றால் நாட்டு முட்டைக்கு அவளிடம்தான் ஆள் போகும். புருஷன் துபாயில். அங்கிருந்து பணம் வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. கோழிதான் அவளைக் கைவிட்டதில்லை. இந்தக் கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து அதையும் வாரிக்கொண்டு போனது. தெருவிலேயே கோழி இல்லை. மிஞ்சியது அவளிடம் ஒரு பெட்டை, ஒரு சேவல். அந்தப் பெட்டை முட்டை போடும், அடை உட்காராது.

அதனால்தான் என்னிடம் வந்தாள். நான் ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்த தெர்மாகோல் பெட்டிக்கு அன்றுதான் வேலை வந்தது.

அவள் பிஸ்மி சொல்லி எடுத்துக் கொடுத்தாள். நான் முருகா என்று வாங்கி வைத்தேன். முட்டையைத் தினமும் கையால் திருப்பிவிட வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினோம் என்று தெரிய ஆளாளுக்குப் பென்சிலில் குறி போடுவார்கள். நான் ஒரு பக்கம் திருநீறு, மறு பக்கம் குங்குமம் தொட்டு வைத்தேன்.

"ஏட்டி, எங்க கோழிக்கு நீறு பூசிட்டியா? பொரிச்சு வந்து கோயிலுக்குப் போறேன்னு நிக்கப் போவுது!" என்று அக்கா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் பின்வாசலில் உடைத்துப் போட்டிருந்தோம்.

எங்கே தப்பு? வீடியோவில் ஒரு தம்பி சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். சூடு முப்பத்தேழரை டிகிரி. பெட்டிக்குள் இருக்கும் இரண்டு தொட்டியிலும் எந்நேரமும் தண்ணீர். கூடுதலாக நானே ஒரு காரியமும் செய்திருந்தேன். ஆனி மாதம், குற்றாலத்துக் காற்று ஊசியாகக் குத்துகிறதே, முட்டைக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குக் குளிருமே என்று பெட்டியின் காற்று ஓட்டைகளில் பழைய துணியைச் சுருட்டி அடைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் ரசத்துக்கு உப்பு எடுக்கப் போனேன். ஜாடிக்குள் உப்பு கஞ்சியாகக் கிடக்கிறது. தீப்பெட்டியை உரசினால் மருந்துதான் உதிர்கிறது. கொடியில் மூன்று நாளாக வீட்டுக்காரர் வேட்டி காயாமல் தொங்குகிறது. இந்த ஊரில் சாரல் காலத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

அப்படியே நின்றுவிட்டேன். துணி காயாத ஊரில் உட்கார்ந்துகொண்டு முட்டைக்கு இரண்டு தொட்டி தண்ணீரா ஊற்றினேன்?

போய் அந்த வீடியோவை மறுபடியும் போட்டேன். தம்பி பேசுவதை விட்டுவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தேன். பொட்டல் காடு. ஒரு பச்சை இலை இல்லை. பேசப்பேச நெற்றியைத் துடைத்துக்கொள்கிறான். அவன் ஊருக்கு அவன் சொன்னது சரிதான். நம் ஊருக்கு நாம்தானே யோசிக்க வேண்டும்?

முட்டைக்குள் இருக்கும் ஈரம் நாளாக நாளாகக் கொஞ்சம் வெளியேற வேண்டும். அப்போதுதான் அகலமான முனையில் இருக்கும் காற்றுப்பை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்தப் பையில்தான். வெளியேயும் ஈரம், உள்ளேயும் ஈரம் என்றால் பை வளராது. குஞ்சு ஓட்டுக்குள்ளேயே முங்கிப்போகும்.

மறுநாள் அக்காவிடம் மதில் பக்கத்தில் நின்று சொன்னேன். அவள் வேறொரு சேதி வைத்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பெட்டையையும் தெருநாய் கடித்துப் போட்டுவிட்டது. கடைசியாக அது போட்ட முட்டைகள் மட்டும் தவிட்டுச் சட்டியில் இருக்கின்றன.

"இனி இதுதான்ட்டி. இதுவும் போச்சுன்னா என் கூட்டுல சேவல் மட்டுந்தான் நிக்கும்."

"நம்பித் தாங்கக்கா. இந்தத் தடவ விடமாட்டேன்."

"தெருவுல ஒரு அடக்கோழி இருந்தா உன்கிட்ட எதுக்குட்டி வாரேன்?" என்றவள், சட்டியை மதிலுக்கு மேல் நீட்டினாள்.

தென்காசி பஜாருக்குப் போய் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். தொட்டிகளைத் துடைத்துக் காயவைத்தேன். ஓட்டைகளில் அடைத்த துணியைப் பிடுங்கி எறிந்தேன். வெறும் பெட்டியை ஓடவிட்டுப் பார்த்தால்... ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, மீட்டர் ஐம்பதை ஒட்டி நிற்கிறது! முட்டைக்கு வேண்டியது அவ்வளவுதான். நம் ஊர்க் காற்றே கொண்டுவந்து கொடுக்கிறது.

சூட்டையும் சும்மா விடவில்லை. பெட்டி காட்டுகிற கணக்கு மேலே தொங்குகிற, சூடு பார்க்கும் கம்பியின் கணக்கு. முட்டை கிடப்பது கீழே. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை முட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு டிகிரி குறைவு. ஜன்னலோரம் இருந்த பெட்டியை உள்ளறைக்கு மாற்றி, பட்டனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கீழே முப்பத்தேழரை நிற்கும்வரை நகரவில்லை.

அதன் பிறகுதான் முட்டையை அடுக்கினேன். அப்புறம் ஆய்க்குடி முருகனுக்கு ஒரு படிப்பாயசம் நேர்ந்துகொண்டேன். பாயசத்தைக் கோயில் படிக்கட்டில் ஊற்றிப் பிள்ளைகளைச் சாப்பிடச் சொல்கிற நேர்ச்சை அது.

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, அது பிள்ள வரம் கேட்டுல்லா நேந்துக்கிடுவாவ? நீ கோழிக்குக் கேக்கியே!"

"குஞ்சும் ஒருத்திக்குப் பிள்ளைதான?" என்றேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செல்போன் டார்ச்சில் முட்டையை வைத்துப் பார்ப்பேன். காற்றுப்பையின் ஓரத்தைப் பென்சிலால் வரைவேன். கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. பை வளர்கிறது! வெயில் அடித்த நாட்களில் மீட்டர் இறங்கினால் ஒரு மூடி தண்ணீர். சாரல் திரும்பினால் அதையும் எடுத்துவிடுவேன். மீட்டரைப் பார்க்காமல் ஒரு வேளை கஞ்சி குடித்ததில்லை.

கடைசி மூன்று நாள் வந்ததும் முட்டையைத் திருப்புவதை நிறுத்தினேன். இரண்டு தொட்டியிலும் வெந்நீர் ஊற்றி மூடினேன். அக்கா பதறிவிட்டாள்.

"தண்ணிதான் கொன்னுதுன்ன... இப்ப நீயே ஊத்துத?"

"இப்பந்தாக்கா வேணும். ஓட்டக் கொத்தும்போது உள்ள இருக்க சவ்வு காஞ்சா குஞ்சப் பிடிச்சுக்கிடும். இனி எல்லாம் வெளிய வரவரைக்கும் மூடியத் தொறக்கக் கூடாது."

முதலில் ஓட்டுக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். பிறகு இங்கொன்று அங்கொன்றாக ஓட்டில் நட்சத்திரம் மாதிரி விரிசல். அக்கா பெட்டி மூடியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றும் ஓட்டை உதைத்துத் தள்ளிக்கொண்டு வர, ஒன்று மட்டும் அலகு தெரிகிற அளவுக்குத் துளை போட்டுவிட்டு அப்படியே நின்றது. வாயைத் திறக்கும், மூடும்.

"மூச்சு வாங்குது பாரு. தொறந்து கொஞ்சம் பிச்சு விடுட்டி."

"முடியாதுக்கா. மத்தது பாதி ஒடச்சிட்டு நிக்கி."

"உன் நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"ஈரம் பூரா பெட்டிக்குள்ள இருக்கு. தொறந்தாப் போயிரும்."

"ஒரு நிமிஷந்தான?" என்று வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு மூடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு தொழப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது பெட்டிக்குள் ஒரே களேபரம். ஈரம் காய்ந்து பஞ்சாகிவிட்ட குஞ்சுகள், இன்னும் நனைந்த தலையோடு தள்ளாடுகிறவை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிக்கிறவை... வெளியே வந்தவற்றில் கடைசியும் காய்ந்த பிறகே மூடியைத் திறந்தேன்.

அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நீ தொறந்திருந்தா இதுவும் பிழைச்சிருக்கும்லா?"

"பிழைச்சிருக்கலாம்க்கா. ஆனா மத்ததுல எது எது போயிருக்குமோ... எனக்குத் தெரியல."

இன்றைக்கும் எனக்கு அது தெரியாது.

அக்கா அதை ஓட்டோடு ஓரமாக வைத்தாள். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி, "இதுகளுக்குக் குடிக்கத் தண்ணி வைக்கலாமா, இல்ல அதுக்கும் மீட்டர் பாக்கணுமா?" என்றாள்.

இப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் காலையில் ஒரே கூச்சல். ஓட்டுக்குள் நின்றுபோன அந்தச் சின்ன அலகும் எனக்கு நினைவில் இருக்கிறது.

யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பெட்டியில் சூட்டுக்குப் பட்டன் இருக்கிறது. ஈரத்துக்குத் தொட்டி இருக்கிறது. திறந்துவிடச் சொல்லித் துடிக்கிற கைக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. அதை நாமேதான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முருகன் சன்னிதியில்கூட நான் அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததில்லை!