செம்பி நுழைந்த மதகு

மழையை இறக்குபவனும் அதை நிறுத்துபவனும் ஒருவனே. இறங்கிய நீரைப் பங்கிடும் சிறு வேலை மட்டும் எனக்கு வாய்த்தது. நாவிதன்வெளிப் பக்கத்தில் ஒரு வட்டைக்கு நான் பல போகங்கள் விதானையாக இருந்தேன். ஒரே வாய்க்காலால் நீர் பாயும் வயல்களின் தொகுதியே வட்டை. எந்தக் காணிக்கு எப்போது திறப்பது, எந்த வரம்பைக் கட்டுவது, எதை வெட்டுவது என்பதெல்லாம் விதானையின் பொறுப்பு. வெள்ளம் வந்தால் அவன் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லால் ஒருவருடைய வேளாண்மை தப்பும், இன்னொருவருடையது அழியும். இந்தப் பொறுப்பை இனி ஏற்பவர்களுக்காக ஒரு போகத்தின் அனுபவத்தை எழுதிவைக்கிறேன்.

1. முதல் முறைப்பாடு

விவசாயிகள் கூட்டத்தில் என்னைத் தெரிவுசெய்த அன்றே முதல் முறைப்பாடு வந்தது. தண்ணீரைப் பற்றியதாக இருக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வந்தது ஒரு நாயைப் பற்றி.

எழுந்தவர் ஆதம்பாவாப் போடியார். போடியார் என்றால் பெருநிலக்காரர்; மேட்டுக் காணிகளில் பெரும் பகுதி அவருடையது. குரலும் அந்த அளவுக்கு இருக்கும்.

“விதானையார், சுபைதாட வாடில ஒரு நாய் கிடக்கு. தொழப் போற மனிசர் நடக்கிற வரம்பு அது. ஒண்டில் நாய் போகணும், இல்லாட்டி அவ போகணும்.”

சுபைதா நற்பிட்டிமுனையைச் சேர்ந்தவர். கணவர் மௌத்தான பிறகு, காணியைக் குத்தகைக்குக் கொடுக்காமல் தானே விதைத்தவர். காவல் குடிசையான வாடியோடு, வட்டையின் அடிக்கோடியில் இருக்கும் பள்ளக் காணி அது. அதைத் தவிர அவருக்கு வேறு சொத்து இல்லை. பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து அவர் பதில் சொன்னார்.

“காட்டுப் பண்டி வந்தா முதல்ல என்ட வேளாண்மையத்தான் கிண்டும், மறுகா உங்கடதுக்கு ஏறும். என்ட செம்பி குரைச்சித்தான் உங்கட காவல்காரனே எழும்புறான், போடியார். அவன்ட சம்பளத்துல பாதிய என்ட நாய்க்குக் குடுங்க.”

கூட்டம் சிரித்தது. போடியாரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு அந்த வழக்கில் குழப்பம் இருக்கவில்லை. வீட்டுக்குள் செல்லத்துக்காக நாய் வைப்பதை நம் மார்க்கம் விரும்பவில்லை. பயிரையும் மந்தையையும் காக்க வைப்பதற்கு அனுமதி உண்டு. அதன் எச்சிலோ ஈரமோ பட்டால், பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அவற்றுள் ஒன்று மண் கலந்த நீராக இருக்க வேண்டும். ஆகவே இப்படித் தீர்ப்புச் சொன்னேன்: செம்பி இருக்கட்டும். ஆனால் வாடியின் கம்பில் ஒரு சிரட்டை நிறையச் சுத்தமான மண்ணும், அடியில் ஒரு குடம் தண்ணீரும் எந்நேரமும் இருக்க வேண்டும். வரம்பால் போகிறவர் எவரும் எடுத்துக் கழுவிக்கொள்ளலாம்.

மறுநாளே அந்தச் சிரட்டை கம்பில் தொங்கியது.

2. மேட்டுக்குள் ஒரு வழி

சுபைதாவின் காணிக்கு அப்பால் கழிவாறு ஓடுகிறது. வயல்களின் எச்ச நீரைக் களப்புக்குக் கொண்டுபோவது அதுதான். வயலையும் ஆற்றையும் பிரிக்கும் மண்கட்டு ஓரிடத்தில் மட்டும் பருத்து, பற்றை மூடிய மேடாக நின்றது. அதைப் பற்றி எவரும் யோசித்ததில்லை.

விதைப்பு முடிந்த நாட்களில் ஒரு காலை, செம்பி ஓர் உடும்பைத் துரத்திக்கொண்டு போய் அந்த மேட்டின் அடியில் இருந்த பொந்துக்குள் நுழைந்துவிட்டது. நானும் சுபைதாவும் பார்த்துக்கொண்டு நின்றோம். கூப்பிட்டும் வரவில்லை. சற்று நேரத்தில் குரைப்புச் சத்தம் கேட்டது, ஆனால் கட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஏறிப் பார்த்தோம். வயற்பக்கம் நுழைந்த நாய், ஆற்றுப்பக்கச் சரிவில் செங்கல் தூள் அப்பிய முகத்தோடு நின்றது.

சரிவில் பற்றையை விலக்கினேன். அகலமான பழங்காலச் செங்கல் வரிசை தெரிந்தது.

செய்தி போடியாரை அடைய நேரமாகவில்லை. அலவாங்கோடும் நாலைந்து ஆட்களோடும் வந்துவிட்டார்.

“ராசா காலத்துத் தங்கம் கிடக்கும், விதானையார். நாய் சும்மா நுழையாது.”

“நாய் உடும்புக்கு நுழைஞ்சது, போடியார்.”

“உடும்பு எதுக்கு நுழைஞ்ச எண்டு யோசிச்சயளா?”

பொதுக் கட்டைக் கிண்ட வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பொந்தின் வாயை ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு அகலித்துவிட்டார்கள். கல் நிலை ஒன்று வெளிப்பட்டது. உள்ளே செங்கல் தளம், செங்கல் சுவர், வளைந்த கூரை. தங்கம் இல்லை. உடைந்த சட்டி ஒன்றுகூட இல்லை.

“ராசா உங்களுக்கு முந்தியே வந்து எடுத்துட்டுப் போயிட்டார் போல,” என்றார் சுபைதா.

போடியாரின் ஆசை அந்த நிமிடமே அச்சமாக மாறியது. என்னைத் தனியே அழைத்தார். “இத உடன மண் போட்டு மூடுங்க. பழைய கல்லு கிடக்கெண்டு தொல்பொருள் கந்தோருக்குத் தெரிஞ்சா, எங்கட காணிக்குள்ள எல்லைக்கல்லு வந்திரும்.”

அந்த அச்சத்தை நான் இகழவில்லை. தொல்பொருள் இடமென்று எல்லைக்கல் நட்டால் காணி கைவிட்டுப் போகும் என்ற அச்சம் நம் மாவட்டத்தில் காணி வைத்திருக்கும் எவருக்கும் உண்டு. ஆனாலும் மறைத்துவைப்பது நமக்குப் பாதுகாப்பாகாது என்று சொன்னேன். போகம் முடிந்ததும் முறைப்படி அறிவிப்போம், அதுவரை மாரியில் ஆறு பெருகி வயலுக்குள் பாயாதபடி வாயை அடைப்போம் என்றேன். உரப்பைகளில் மணல் நிரப்பி அடுக்கினோம். ஓரத்தில் ஓர் இடைவெளி தங்கிவிட்டது. செம்பிக்கு அது போதுமாக இருந்தது.

3. காற்று வந்த நாள்

கதிர் பால் பிடித்திருந்த சமயம் கடலில் தாழமுக்கம், புயல்காற்று வரும் என்று வானொலி சொன்னது. சுபஹு தொழுது வெளியே வந்தபோது தென்னைகள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. பிறகு மழை வந்தது. அத்தகைய மழையில் நம் நாவு தானாக அவனைத் துதிக்கும். கருணையும் அவனுடையதே, சோதனையும் அவனுடையதே என்று பாடித் தொழுத முன்னோரின் அடிகள் நெஞ்சில் ஓட, கால்கள் வட்டைக்கு ஓடின.

முற்பகலில் மேல் வாய்க்கால் உடைத்துக்கொண்டது. வழக்கமான கழிவு வாய்க்காலின் குறுக்கே மருதமரம் ஒன்று சாய்ந்து, சல்வீனியா நீர்க்களை திரண்டு அடைத்துவிட்டது. அதை அகற்றப் பெக்கோ இயந்திரம் வர வேண்டிய வீதியும் அறுந்து போயிற்று. மேட்டு வயல்களில் கதிரின் கழுத்துவரை நீர் நின்றது. பால் பிடித்த கதிர் நீருக்குள் கிடந்தால் பதராகிவிடும்.

இப்படி நேர்ந்தால் செய்வதற்கு நம் வட்டைகளில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளக் காணிக்கு மேலேயுள்ள குறுக்கு வரம்பை வெட்டி, நீர் முழுவதையும் பள்ளத்தில் இறக்கிவிடுவார்கள். ஒரு காணி அமிழும், மற்றவை தப்பும். அதற்கு விதானையின் உத்தரவு வேண்டும்.

போடியார் மம்பட்டி ஏந்திய ஆட்களோடு வந்து நின்றார். குடை ஒன்று அவர் கையில் காற்றோடு போராடிக்கொண்டிருந்தது. சுபைதா குறுக்கு வரம்பின் மேல் அமர்ந்திருந்தார். பக்கத்தில் செம்பி.

“சொல்லுங்க விதானையார், வெட்டச் சொல்லுங்க. என்ட காணிக்கு மட்டுமா கேக்கன்? வட்டைக்குக் கேக்கன்.”

“வெட்டுங்க,” என்றார் சுபைதா. “நான் எழும்ப மாட்டன். என்னையும் சேத்து வெட்டுங்க.”

போடியார் குரல் தாழ்ந்தது. “புள்ள, எனக்கு மட்டும் விருப்பமா? வேற வழி இருந்தாச் சொல்லு.”

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நான் நடந்து ஆற்றுக் கட்டில் ஏறினேன். ஆறு இன்னும் தாழ்வாகவே ஓடியது. மழை கரையோரத்தில் கொட்டியதே தவிர மேற்கு மலைகளின் நீர் வந்துசேரவில்லை. அது வருமுன் வயல் நீரை இந்தக் கட்டைத் தாண்ட வைத்துவிட்டால் போதும். திரும்பிப் பார்த்தேன். செம்பி குறுக்கு வரம்பிலிருந்து ஓடிவந்து மணல் பைகளின் இடைவெளியில் நுழைந்துகொண்டிருந்தது.

ராசாக்கள் அங்கே தங்கம் புதைக்கவில்லை. வயல் நீரை ஆற்றில் இறக்க மதகு கட்டியிருந்தார்கள்.

“போடியார், வரம்ப முழுசா வெட்ட வேணாம். சுபைதாட காணி ஓரமா மட்டும் ஒரு வாய்க்கால் கிண்டி அந்தப் பொந்து மேட்டுக்குக் கொண்டு போவம். நாய் போன வழியால தண்ணியும் போகும்.”

“நாய்ப் பொந்த நம்பியா வட்டைய விடுற?”

“பண்டிக்கும் யானைக்கும் நாயத்தானே நம்புறம். இதுக்கும் நம்புவம்.”

சுபைதாவைப் பார்த்தேன். அவர் எழுந்து மேலே சொருகியிருந்த சேலைத் தலைப்பை இறுக்கி, அண்ணன் முறை சொல்லி என்னை அழைத்தார். “ஓரத்து வரவை போகட்டும் காக்கா. கிண்டுங்க.”

வரம்புக்குள் அடங்கும் ஒரு துண்டு வயலே வரவை; அதன் வழியே ஆட்கள் கிண்டத் தொடங்கினர். நான் மணல் பைகளை இழுத்தேன். இரண்டாவது பையை இழுத்தபோது உள்ளே முனகல் கேட்டது. செம்பி அங்கே குட்டி ஈன்றிருந்தது.

பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். நண்பகல் லுஹர் தொழுகை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, எல்லோரும் நனைந்திருந்தனர், நாயும் நனைந்திருந்தது.

“என்னத்துக்கு யோசிக்கிறயள்?” என்றேன். “கழுவ மண்ணும் இருக்கு, தண்ணியும் தேவைக்கு மேல இருக்கு.”

மெலிந்த உடம்பு அன்று எனக்கு உதவியது. தவழ்ந்து உள்ளே போனேன். செம்பி உறுமியது. சுபைதா வெளியிலிருந்து அதன் பெயரைச் சொல்லிக் கதைத்துக்கொண்டே இருந்தார். குட்டிகளைத் தலைத்துண்டில் கட்டி வெளியே நீட்டினேன். வாங்க எவரும் முன்வராத அந்தக் கணத்தில் போடியார் தன் குடையைத் தலைகீழாகத் திருப்பி நீட்டினார்.

“இதுக்குள்ள போடுங்க. கெதியா!”

கொட்டும் மழையில், வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்ட, குடை நிறைய நாய்க்குட்டிகளை ஏந்திக்கொண்டு ஆதம்பாவாப் போடியார் நின்றார். செம்பி அவரையே சுற்றிச் சுற்றி வந்தது.

கடைசிப் பையை எடுத்ததும் நீர் மேட்டின் முன் தேங்கியது. பிறகு சுழித்தது. பிறகு மதகு ஒரு பெருமூச்சுப் போல ஒலியெழுப்பி அதை உள்வாங்கியது. ஆற்றுப்பக்கம் ஓடிப்போன ஒருவன் “அல்லாஹு அக்பர்!” என்று கத்தினான். செங்கல் நிறத்தில் நீர் பீறிட்டு ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குள் மேட்டுக் கதிர்கள் நீருக்கு மேலே தலைநீட்டின. ஆறு ஏறத் தொடங்கியபோது பைகளை மீண்டும் அடுக்கி அடைத்தோம். சுபைதாவுக்கு ஓரத்து வரவை மட்டும் அழிந்தது. மேட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்து அறுவடையின்போது அதை நெல்லாகவே ஈடு செய்தனர்.

வேலை முடிந்ததும் வாடியில் வரிசை நின்றது. கம்பில் தொங்கிய சிரட்டை கைமாறிக் கைமாறி வந்தது. போடியார் முழங்கைவரை கழுவிவிட்டு நிமிர்ந்தார்.

“ஆறா, ஏழா?” என்று கேட்டேன்.

“ஏழு எண்டு நினைக்கன்.”

“நினைக்கயளா, தெரியுமா? சந்தேகம் வந்தா குறைஞ்சதத்தான் எடுக்கணும். இன்னொருக்காக் கழுவுங்க.”

“குடையையும் மறந்திராதைங்க,” என்றார் சுபைதா.

4. பிறகு

அறுவடைக்குப் பின் மதகைப் பற்றி எழுத்தில் அறிவித்தோம். ஓர் அலுவலர் வந்து அளந்தார். கல்லைப் பெயர்க்க வேண்டாம், நீர் போகட்டும் என்று சொல்லிச் சென்றார். மதகின் வாய்க்கு ஓர் இரும்புக் கதவு போட்டோம். போடியார் பயந்த எல்லைக்கல் வரவில்லை.

விதானையாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவருடைய காணியை அமிழ்த்தித்தான் மற்றவற்றைக் காக்க முடியும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் வேளையில், உத்தரவு கொடுக்குமுன் கட்டின் மேல் ஒரு தடவை முழுவதும் நடந்து பாருங்கள். நம் கண்ணில் படாத வழியை அவன் முன்பே திறந்து வைத்திருக்கக் கூடும். அதை உங்களுக்குக் காட்டும் படைப்பு எது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

அடுத்த போகத்தின் ஆரம்பக் கூட்டம் கலைந்தபோது போடியார் சுபைதாவின் அருகே போய்த் தொண்டையைச் செருமினார்.

“புள்ள, செம்பிட குட்டில ஒண்டு… என்ட வாடிக்கும் காவலுக்கு வேணும்.”

சுபைதா சிரிக்கவில்லை. மறுநாள் காலை, துள்ளிக்கொண்டிருந்த ஒரு செந்நிறக் குட்டியைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து போடியாரின் வரம்பில் விட்டார். கூடவே, விளிம்புவரை மண் நிரப்பிய புதுச் சிரட்டை ஒன்றையும் கையில் கொடுத்தார்.